செவ்வாய்க்கிழமைக்குள் மூட வேண்டிய பள்ளம்

"மூடுய்யான்னா மூடு! அடியில என்ன இருக்குன்னு அப்புறமாப் பாத்துக்கலாம்" என்றார் லோவெல் ப்ரிக்கெட்.

மெயின் தெருவில், டோரீனின் காபிக் கடைக்கு எதிரே வாயைப் பிளந்து கிடந்த பள்ளத்தைப் பார்த்து, சாலை மேஸ்திரி ஆர்வில் தலையைச் சொறிந்தார்.

"பழைய தண்ணிக் குழாய் போகுது சார். ரோலரை ஏத்தினா தாங்காது. கொஞ்சம் பொறுமையா..."

"நாளைக்குப் பூசணித் திருவிழா ஊர்வலம். செவ்வாய்க்கிழமை ஓட்டு. இதுல பொறுமைக்கு எங்கய்யா போவேன்?"

ஹார்ஸ்லி ஃபால்ஸ் நகரத்துக்கு லோவெல்தான் மேனேஜர். கவுன்சில் பார்த்து நியமித்தது. ரோடு, குப்பை, தண்ணீர், பனி அள்ளுவது எல்லாம் அவர் தலையில். மேயர் வெர்னா ஹோல்கம்புக்கு ரிப்பன் வெட்டுவதும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும்தான் வேலை. ஒரு துப்புரவு ஆளைக்கூட அந்த அம்மாள் 'இங்கே வா' என்று கூப்பிட முடியாது. ஓஹையோவில் பல ஊர்களில் இப்படித்தான். இப்போது யாரோ வேலையற்றவர்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, 'மேனேஜர் வேண்டாம், அதிகாரம் மேயரிடமே போகட்டும்' என்று ஓட்டெடுப்பு கொண்டுவந்துவிட்டார்கள். அது ஜெயித்தால் லோவெல் மூட்டை கட்ட வேண்டியதுதான். தலை நரைத்த மேனேஜரை இனி எந்த ஊர் கூப்பிட்டு நாற்காலி போடும்?

இந்தப் பள்ளத்தைச் சட்டென்று மூடிக் காட்டினால் ஜனங்களுக்குத் தன் அருமை தெரியும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

ரோலர் ஏறியது. குழாய் உடைந்தது. தண்ணீர் டோரீன் கடைப் பெயர்ப்பலகை உயரத்துக்குப் பீறிட்டது.

"வால்வை மூடுங்க!" என்று லோவெல் அலறினார்.

மூடினார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. கூடவே மெயின் தெரு முழுவதற்கும் நின்றது. சலூனிலிருந்து தலை நிறைய நுரையோடு ஒருவர் ஓடிவந்தார்.

"எவன்டா தண்ணியை நிறுத்தினது? கண்ணு எரியுதுடா!"

அதற்குள் மேயரம்மா டோனட் பெட்டியோடு ஆஜர். "மன்னிச்சுக்கோங்க! எல்லாரும் மன்னிச்சுக்கோங்க! சீக்கிரமே சரி பண்ணிடறோம்!" என்று ஆளுக்கொன்றாக நீட்டினார்.

லோவெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பள்ளத்துல நின்னு ஓட்டு வேட்டையாடறீங்களா மேடம்?"

"ஐயோ லோவெல், யாராவது ஒருத்தர் முகத்தைக் காட்ட வேண்டாமா? நீங்கதான் ஜனங்களைப் பாத்தா ஓடி ஒளிஞ்சுக்கறீங்களே!"

மறுநாள் மெயின் தெரு மூடியிருந்ததால், ஊர்வலத்தை சர்ச் தெருவுக்குத் திருப்பிவிட்டார் லோவெல். அங்கே பெரியவர் ஆம்ஸ்டட்ஸின் சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூட பாண்டு வாத்தியத்துக்கும் ராட்சதப் பூசணிக்கும் நடுவில் சவ வண்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் போக முடியாமல், துள்ளல் இசையோடு ஊரைச் சுற்றி வந்தது. அலங்கார வண்டிப் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசும் கிடைத்தது.

பரிசை வாங்க மறுத்த விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு மேயரம்மா கண்ணீர் விட்டார். "எங்க தப்புதாம்மா. மன்னிச்சுடுங்க."

"அங்கயும் போயிட்டாங்களா!" என்று பல்லைக் கடித்தார் லோவெல்.

திங்கட்கிழமை கடைக்காரர்கள் தண்ணீர் இல்லாமல் கத்தத் தொடங்கினார்கள். லோவெல் யோசித்தார். தீயணைப்பு வண்டியில் தண்ணீர் இருக்கிறதே!

"பள்ளத்துப் பக்கம் வேண்டாம் சார், மண்ணு ஊறியிருக்கு" என்றார் ஆர்வில்.

"நீ வாயைத் திறந்தாலே ஏதாவது ஆகுதுய்யா!"

ஊருக்கு இருந்த ஒரே தீயணைப்பு வண்டி மூக்குக் குப்புறப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதன் பின்பக்கத்தில் ஏறி நின்று, மேயரம்மா ஒலிபெருக்கியில் ஊருக்கே மன்னிப்புக் கேட்டார். செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடப் போனவர்கள் எல்லாரும் அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

அன்று சாயங்காலமே லோவெல் அலுவலகச் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிவிட்டார். அழுகை வரும்போல இருந்தது.

காலையில் ரேடியோ சொன்னது: மேனேஜர் முறையே நீடிக்கும். நாலில் மூன்று பேர் அதற்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

லோவெலுக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த ஜனங்களையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. வந்த நாளிலிருந்து எட்டிப் பார்க்காத டோரீன் கடைக்குள் முதல் முறையாக நுழைந்து காபி கேட்டார்.

"ஊருக்குப் புதுசா? உக்காருங்க கண்ணு" என்று டோரீன் ஊற்றினாள்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"மேனேஜருக்குத்தான். பின்ன? ரோட்டை உடைச்சு, தண்ணியை நிறுத்தி, பொணத்தை ஊர்கோலம் விட்டு, எல்லாத்தையும் தான்தான் பண்ணதா அந்த மேயரம்மாவே நடுத்தெருவுல நின்னு ஒத்துக்கிட்டாங்களே! மேனேஜர்னு யாரோ ஒரு மகராசன் இருக்காராமே, அவர் கையில விட்டிருந்தா இப்படியெல்லாம் நடந்திருக்குமா கண்ணு?"