எண்பது வராத பிசிபேளாபாத்

மூன்றாவது வாரமாகச் சாமை பிசிபேளாபாத் பாஸாகவில்லை.

பேராசிரியர் சேஷகிரி அன்றைய படிவங்களைத் திரும்பவும் கூட்டிப் பார்த்தார். நூற்றுக்கு அறுபத்தேழு. நேற்று அறுபத்தைந்து, முந்தாநாள் அறுபத்தாறு. இருபத்தொன்பது வருஷமாக உணவியல் பாடம் நடத்துகிற மனிதருக்கு, ஒரு தட்டுச் சோற்றுக்கு மாணவர்கள் போடும் இந்த மார்க் ஜீரணமாகவில்லை.

"சின்னத்தாயிம்மா, இங்க பாருங்க. இன்னிக்கு 'உப்பு ஒரு கல் தூக்கல்'னு எழுதியிருக்காங்க. நேத்து என்ன சொன்னாங்க?"

"ஒரு கல் கம்மின்னாங்க சார்." துறையின் சமையல்கூடத்தில் பதினோரு வருஷமாகக் கரண்டி பிடிக்கும் சின்னத்தாயி, அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ஒரு கல்லைத்தானே இன்னிக்குப் போட்டோம்?"

"அதே கல்லுதான் சார்."

சேஷகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். எண் மாறவில்லை.

பழைய மெட்ராஸ் ரோட்டில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம், 'பசியில்லா வளாகம், பூமிக்கேற்ற உணவு' என்று இந்த வருஷம் ஒரு திட்டம் போட்டிருந்தது. திட்டத்தில் வேலை இரண்டு. இரண்டும் சேஷகிரி தலையில் விழுந்தன. கமிட்டிக் கூட்டத்தில் மற்ற எல்லாரும் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

முதல் வேலை, வளாகத்தில் யார் யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. அதை ஒரே காலையில் முடித்தார். லைப்ரரி வாசலில் நின்று, போகிற வருகிற மாணவர்களை எல்லாம் நிறுத்தி, "மத்தியானச் சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். தமிழ்ப் பிள்ளைகள் "சாப்ட்டேன் சார்" என்றார்கள். கன்னடப் பிள்ளைகள் "ஊட்டா ஆய்த்து சார்" என்றார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை. வளாகத்தில் பசி பூஜ்யம் என்று அறிக்கை எழுதிப் பதிவாளர் ஜாய்சனிடம் கொண்டுபோய் வைத்தார்.

ஜாய்சன் பக்கத்து மர்பி டவுன் பேட்டைக்காரர். முற்றுப்புள்ளி இடம் மாறியிருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிற மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அறிக்கையை வரிவரியாகப் படித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை எத்தனை மணிக்குக் கேட்டீங்க?"

"காலையில பத்தரைக்கு சார்."

ஜாய்சன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்று கையெழுத்துப் போட்டார். தன் சுறுசுறுப்பைப் பார்த்து மனிதர் அசந்துவிட்டார் என்று சேஷகிரி எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வேலை, அதிகம் தண்ணீர் கேட்காத சாமையில் எல்லாருக்கும் பிடித்த ஒரு மதியச் சாப்பாடு செய்வது. காய்கறி வளாகத்துத் தோட்டத்திலிருந்து வரும். தட்டில் மிஞ்சுவது பயோகேஸ் தொட்டிக்குப் போகும். அந்த கேஸ் அதே அடுப்புக்குத் திரும்பி வரும். ருசி பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். சாப்பிட்டுவிட்டுப் படிவத்தில் மார்க் போட்டால் போதும். அறுபது வாங்கினால் பாஸ் என்று சேஷகிரி எழுதிக் கொடுத்திருந்தார். ஜாய்சன் சிவப்பு மையால் அதை அடித்து எண்பது என்று திருத்தினார். 'எண்பது வரும்வரை தினமும் ருசி பார்க்க வேண்டும். வந்த மறுநாள் நிறுத்த வேண்டும்' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார். சேஷகிரி அந்த வரியைக் கொட்டை எழுத்தில் எழுதி, ருசி பார்க்கும் ஹால் வாசலில் மாட்டினார். எண்பதெல்லாம் அவருக்கு ஒரு வாரத்து வேலை.

மூன்று வாரம் ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பயோகேஸ் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கணேசமூர்த்தி சண்டைக்கு வந்தார்.

"சார், உங்க ஹால்ல இருந்து ஒரு பருக்கை வரல. தொட்டி காஞ்சு கெடக்கு. நான் எதை வெச்சு கேஸ் தர்றது?"

"நூத்திருபது பேர் சாப்பிடறாங்களேப்பா!"

"வாழைப்பழத் தோல் மட்டும்தான் சார் வருது."

சேஷகிரிக்கு உடனே பொறி தட்டியது. மார்க் அறுபத்தேழு, தட்டில் மிச்சமே இல்லை. அப்படியானால் பிடிக்காத சோற்றை எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்! வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக ஹாலுக்குப் பின்னால் இருக்கும் செம்பருத்திப் புதர்களில் புகுந்து தேடினார். ஒரு நாய் இருந்தது. அதுவும் அவரையே எதிர்பார்த்துப் பார்த்தது.

மறுநாள் வாசலில் அவரே நின்று ஒவ்வொரு தட்டையும் வாங்கிப் பார்த்தார். கழுவி வைத்த மாதிரி இருந்தன. அந்த வரிசையில் எம்.எஸ்ஸி. முதல் வருஷம் தேஜஸ், பைக்குள் ஒரு டப்பாவைத் திணித்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

"தேஜஸ், டப்பால என்ன?"

பையனுக்குக் காது சிவந்துவிட்டது. "பிசிபேளாபாத் சார். அது... ஆறினப்புறம் ருசி மாறுதான்னு பாக்கணும்ல சார்? சாயங்காலம் ரூம்ல வெச்சுப் பாக்கலாம்னு."

சேஷகிரி நெகிழ்ந்துபோனார். தன் மாணவர்களில் ஒருவனுக்காவது ஆராய்ச்சி மனம் இருக்கிறதே! அன்று மாலையே படிவத்தில் 'ஆறிய பின் ருசி' என்று ஒரு கட்டம் சேர்த்தார். மறுநாள் நாற்பது பேர் டப்பாவோடு வந்தார்கள். அதற்கு மறுநாள் எண்பது பேர். ஒரு பெண் தூக்குவாளியே கொண்டுவந்திருந்தாள். மார்க் அறுபத்தாறு.

சின்னத்தாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "அண்டா பத்தல சார். கூட்டம் இருநூறைத் தாண்டிடுச்சு."

"அதான் தப்பு!" என்றார் சேஷகிரி. "வயிறு முட்டச் சாப்பிட்டா நாக்கு மரத்துப் போயிடும். ருசி பாக்க எதுக்குத் தட்டு நிறைய? நாளைக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான்."

"ஒரு ஸ்பூனா? வேணாம் சார்."

"அறிவியல் முறைம்மா இது."

அறிவியல் முறைப்படி மார்க் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. 'ஒரு ஸ்பூனில் முடிவுக்கு வர இயலவில்லை' என்று இருநூற்றுச் சொச்சம் பேரும் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள். இப்படி ஒற்றுமையாக அவர்கள் பரீட்சையில்கூட எழுதியதில்லை. பயந்துபோய் மறுபடி தட்டு நிறையப் போட்டு, ராய்த்தாவும் சேர்த்தார். அறுபத்தெட்டு. கருத்துப் பகுதியில், 'ஊறுகாயுடன் பார்த்தால் தெரியும்.' ஊறுகாய் வைத்தார். 'அப்பளத்துடன்?' அப்பளம் பொரித்தார். அறுபத்தைந்து.

அன்றைக்குப் பதிவாளர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை தானே வந்து சாப்பிட்டுப் பார்ப்பதாகவும், அதன்பிறகு திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவெடுப்பதாகவும் ஜாய்சன் எழுதியிருந்தார்.

சேஷகிரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூடினால் போயிற்று. பசியில்லா வளாகத்தில் சோறு சமைக்கத் தெரியாத பேராசிரியர் என்று ரிட்டையர் ஆகும்வரை பேசுவார்கள். கவலை ஐந்து நிமிஷம்தான். பிறகு அவருடைய பழைய தைரியம் திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு டப்பா பிசிபேளாபாத் எடுத்துக்கொண்டு போனார்.

மனைவி ரமா ஒரு வாய் போட்டுக்கொண்டாள். "நன்னாத்தானே இருக்கு?"

"உண்மையைச் சொல்லு."

"நன்னா இருக்குன்னா. நான் பண்றதைவிட நன்னா இருக்கு."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ரமா அடுத்தவர் சமையலை நன்றாக இருக்கிறது என்று சொன்னதே இல்லை. சேஷகிரி அவள் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"எம் பேச்சுல நம்பிக்கை இல்லேன்னா எதுக்குக் கேக்கறேள்?"

"இருநூறு பேர் சரியில்லைங்கறா ரமா. நீ ஒருத்தி நன்னா இருக்குன்னா எப்படி? நாளைக்கு உன் கைப்பொடியை அரைச்சுக் கொடு. நெய், முந்திரி எல்லாம் தாராளமாப் போடப்போறேன். எண்பது என்ன, தொண்ணூறு வாங்கிக் காட்டறேன் பார்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அந்த வாசனை லைப்ரரி வரைக்கும் போயிற்று. மராட்டி மொக்கு, லவங்கம், கொப்பரை எல்லாம் ரமாவின் கைப்பக்குவத்தில் வறுத்து அரைத்த பொடி. மேலே நெய் மினுங்கியது. சின்னத்தாயி ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, முகம் வாடி நின்றார்.

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"இவ்ளோ நல்லா செய்யணுமா சார்?"

அவருக்குப் பொறாமை என்று சேஷகிரி நினைத்துக்கொண்டார். ரமாவின் பொடி அல்லவா!

மாணவர்கள் உள்ளே வந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேஜஸ் வாசலில் மாட்டியிருந்த போர்டை ஒருமுறை படித்துவிட்டுத்தான் தட்டை எடுத்தான். இரண்டாம் தடவை வாங்கினார்கள், மூன்றாம் தடவையும் வாங்கினார்கள். அண்டாவின் அடி தெரிந்தது. சேஷகிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார்.

கடைசி பெஞ்சில் மாணவர்களுக்கு நடுவில் ஜாய்சன் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டார். நெற்றி வியர்த்தது. இரண்டு தட்டு காலியாயிற்று. பக்கத்தில் இருந்த பையன் தன் அப்பளத்தை நீட்டினான். அதையும் வாங்கிக்கொண்டார்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் சேஷகிரி.

"பிரமாதம். எங்க வீட்டு கிறிஸ்மஸ் சாப்பாடுகூட இப்படி இருந்ததில்லை."

சேஷகிரிக்குத் தரையில் கால் பாவவில்லை. படிவங்களை வாங்கிக்கொண்டு மூலைக்கு ஓடிக் கூட்டினார். கூட்டியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அறுபத்தேழு.

'நெய் சற்று அதிகம்.' 'முந்திரி இன்னும் வறுபட வேண்டும்.' 'முன்னேற்றம் தெரிகிறது, முயற்சி தொடரட்டும்.' ரமாவின் பொடிக்கு அறுபத்தேழு! இதை வீட்டில் எப்படிச் சொல்வது? தன் நாக்கு, தன் படிப்பு, தன் இருபத்தொன்பது வருஷம் எல்லாமே பொய்யோ?

கட்டின் அடியில் ஜாய்சனின் படிவம் இருந்தது. சிவப்பு மை. பதிவாளர் ஒருவராவது நியாயமாகப் போட்டிருப்பார் என்று அதை உருவினார்.

'உப்பு ஒரு கல் கம்மி. 66. இன்னும் ஒரு செமஸ்டர் தொடரலாம்.' கீழே முழுக் கையெழுத்து, சீல், தேதி.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவரைச் சேஷகிரி வாசலில் மறித்தார். பயம் மரியாதை எல்லாம் எங்கோ போய்விட்டது.

"சார், இது அநியாயம். ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க. உங்க வாயாலயே பிரமாதம்னு சொன்னீங்க. அப்புறம் எப்படி சார் அறுபத்தாறு போடுவீங்க?"

ஜாய்சன் சுற்றுமுற்றும் பார்த்தார். உள்ளே தேஜஸ் டப்பா மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தான். சின்னத்தாயி தூக்குவாளிக்காரப் பெண்ணுக்கு அண்டாவின் அடியைச் சுரண்டிப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு பதிவாளர் முகத்தில் வந்தது. சேஷகிரியின் தோளில் கைபோட்டுக் காதருகில் சொன்னார்:

"பத்தரை மணிக்கே மத்தியானம் சாப்ட்டேன்னு சொன்னாங்களே, அந்தப் பிள்ளைங்கதான் சார் இவங்க, நாம எண்பது போட்டா திங்கட்கிழமை எங்க போய்ச் சாப்பிடுவாங்க?"