கொஞ்சூண்டு மேஸ்திரி

போடியில் கொஞ்சூண்டு மேஸ்திரி ஆரம்பிக்காத வீடு கிடையாது. முடித்த வீடும் கிடையாது. எந்த வேலையையும் முக்கால்வாசி அருமையாகச் செய்வார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சூண்டுதான் கெடக்கு, நாளைக்கு முடிச்சிருவோம்" என்பார். எங்கள் தெரு வாத்தியார் வீட்டு மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் பாக்கி. நாலு வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும், வாத்தியாரின் மாமியார் உட்பட, எம்பிக் குதித்துத்தான் மாடிக்குப் போகிறார்கள்.

அந்த மேஸ்திரியிடம்தான் அண்ணனும் நானும் மாட்டினோம். ஏலக்காய் வியாபாரம் செய்த தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண்கள். அண்ணனுக்கு எதையும் இடிக்கக் கூடாது. எனக்கு எல்லாவற்றையும் இடிக்க வேண்டும். கடைசியில், முகப்பும் தூண்களும் அப்படியே இருக்க, நடுவே சுவர் வைத்து, பின்பக்கம் நீட்டி, இரண்டு தனி வீடாக்குவது என்று முடிவானது. ஆறு மாசம் போதும் என்றார் மேஸ்திரி. மூன்றாவது தீபாவளிக்கும் நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துதான் முறுக்கு தின்றேன். போன் செய்தால், "இந்தா, தெருமுக்குல வந்துக்கிட்டே இருக்கேன்" என்பார். பின்னாலிருந்து, வேறு ஊரான கம்பத்தின் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "குமுளி, குமுளி" என்று கூவுவது கேட்கும். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லாமல் போய்விட்டது.

இதற்கிடையில், நடுச்சுவர் எந்தத் தூணை ஒட்டி எழும்புவது என்ற தகராறில் அண்ணனும் நானும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஐம்பது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், பதினாலு மாசம் பேசவில்லை. சிமெண்ட் தூசியைவிட அதுதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆனால் முதலில் வாய் திறப்பது யார்? எல்லாத் தகவலும் மேஸ்திரி வழியாகத்தான். அண்ணனிடமிருந்து என் பக்கம் வந்து சொல்வார்: "பெரியவுக ஒங்க மூட்டுவலி எப்டி இருக்குன்னு கேட்டாக, சின்னவரே."

"அந்த மரக்கட்டைகிட்ட எவன் பேசுவான்னு போய்ச் சொல்லுங்க" என்பேன். பவ்யமாகத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

சுவர் எழும்பியது. சாரக் கம்பு சொருகுவதற்காக விட்ட ஓட்டைகளையெல்லாம் அடைத்தார், இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்த ஒன்றைத் தவிர. "கொஞ்சூண்டுதான், நாளைக்கு" என்று போனவர் ஒரு மாசம் கழித்து வந்தார். அன்று மேஸ்திரி அந்தப் பக்கம் நிற்க, ஓட்டை வழியாக அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்தக் கிறுக்கன் தேக்குத் தூணுல பெயிண்ட்ட அடிச்சிரப் போறான், பாத்துக்கங்க."

மேஸ்திரி தெருவைச் சுற்றி என் பக்கம் வந்தார். "பெரியவுக நீங்க நேரத்துக்குச் சாப்புடுறீகளான்னு கேட்டாக, சின்னவரே."

"யோவ், அவரு சொன்னது எனக்கே கேட்டுச்சுய்யா!"

ஓட்டைக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஏலே, அப்ப 'எங்கண்ணன் எனக்குத் தூணு மாதிரி'ன்னு நீ சொன்னதா இவரு சொன்னாரே?"

"மரக்கட்டைன்னுதான் சொன்னேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை.

"மூட்டுவலி எப்டிலே இருக்கு?" என்றார் அண்ணன். இந்த முறை நிஜமாகவே அவர் கேட்டது.

மேஸ்திரிக்கு முகம் செத்துப்போனது. கரண்டியில் கலவையை அள்ளிக்கொண்டு, "தப்புத்தேன். இந்தா, இப்பவே அடைச்சுவிட்டுர்றேன்" என்று ஓட்டையை நோக்கி நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மனுஷன் ஒரு வேலையை முடிக்கக் கிளம்பியிருந்தார்.

சுவரின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தோம்: "நாளைக்குப் பாத்துக்கலாம் மேஸ்திரி!"

ஓட்டை இன்றும் இருக்கிறது. அது வழியாகப் பல்லி வருகிறது, மதினி தாளிக்கிற வாசனை வருகிறது, காலையில் அண்ணனின் இருமல் வருகிறது. மேஸ்திரி வாரம் தவறாமல் போன் செய்து, அடைக்க வரட்டுமா என்று கேட்கிறார். அந்தக் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு வாரம் போனது மாதிரியே இருப்பதில்லை. அதனால், வரவே வேண்டாம் என்று மட்டும் நான் சொல்வதில்லை.

"கொஞ்சூண்டு வேலைதானே மேஸ்திரி, மெதுவா வாங்க" என்கிறேன்.