லேயர் சாரின் ஏழு சட்டைகள்

அந்தமானில் பிறந்து வளர்ந்தவர்களில் குளிரைக் காதலித்த ஒரே ஆள் எங்கள் லேயர் சார்தான். காதல் என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பத்தொன்பது வயது வரை அதை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

போர்ட் பிளேரில் எங்கள் ஆபீசின் ஹெட் கிளார்க் அவர். வீடு மின்னி பேயில். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே தீவுக்காரர். கோபம் வந்தால் இந்தி பேசுவார், சந்தோஷம் வந்தால் தமிழ் பேசுவார், சந்தேகம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். அந்த வருஷம் சந்தேகம் கொஞ்சம் அதிகம். ரிடையர் ஆவதற்கு முன் அவருக்குக் கடைசியாக ஒரு எல்.டி.சி. பாக்கி இருந்தது. அரசாங்கமே டிக்கெட் போட்டு மெயின்லேண்டுக்கு அனுப்பும் விடுமுறை அது. அதில் அக்டோபர் மாதம் உத்தராகண்ட் மலையில் நான்கு நாள் நடந்து, பனிமலையைக் கிட்டத்தில் நின்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினார். துணைக்கு நானும், டெஸ்பாட்ச் செக்ஷன் ஸ்டெல்லா அக்காவும்.

“தம்பி, அங்க இப்ப இலையுதிர் காலம்யா! காலைல குளிரு, மத்தியானம் வெயிலு, சாயங்காலம் ஃபிர் டண்ட். மத்லப், ஒரு சட்ட சரிப்படாது. ஒண்ணு மேல ஒண்ணா லேயர் வேணும், லேயர்!”

எங்கள் ஊரில் இலையுதிர் காலமே கிடையாது. மழை உண்டு, இரண்டு மழைக்கு நடுவில் புழுக்கம் உண்டு. அதனால் யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை. போர்ட் பிளேர் கடைகளில் கம்பளிச் சட்டை கேட்டால் சிரித்தார்கள். மனிதர் விடவில்லை. மெயின்லேண்ட் போய்த் திரும்பும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ஏழு உருப்படி சேர்த்தார். இரண்டு பனியன், ஒரு முழுக்கைச் சட்டை, இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட். குரங்குக் குல்லாவை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதை ஃபேனுக்கு அடியில் போட்டுக்கொண்டு பழகினார். மனு கொடுக்க வந்தவர்கள், ஏதோ தொத்து வியாதி போல என்று அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள்.

அடுத்தது பரீட்சை. ஸ்டெல்லா அக்காவின் அண்ணன் படகு ஜெட்டி பக்கத்தில் ஐஸ் பிளாண்ட் நடத்துகிறார். அந்த ஐஸ் ரூமுக்குள் நின்று பார்க்க வேண்டும் என்றார் சார்.

“அண்ணன் என்ன சொல்லுதான்னா, மீன விக்கிறதுக்காக ஐஸ்ல வைக்கோம், சார எதுக்கு வைக்கணும்னு கேக்கான்” என்றார் அக்கா.

“டெஸ்ட் எழுதாம பாஸ் ஆக முடியுமாம்மா?”

ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுரமீனோடு மீனாக நின்றார். மூன்று சட்டையில் ஐந்தே நிமிஷத்தில் கதவைத் தட்டினார். ஐந்து சட்டையில் கொஞ்சம் தாங்கினார். ஏழையும் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “பாஸ்!”

பிறகு ஒத்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு சட்டையோடு கராச்சர்மாவிலிருந்து சௌல்தாரிக்கு நடந்தார். நான் குடையோடு பின்னால் போனேன். வழியில் ஒரு பஸ் தானாக நின்றது. “பாபுஜி, புகார் ஹை க்யா?” என்று டிரைவர் எட்டிப் பார்த்தார். காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட அவர் தயார்.

“சார், தண்ணியா ஊத்துதே” என்றேன்.

“அரே, இது போர்ட் பிளேர் வேர்வய்யா. சேர்ல சும்மா ஒக்காந்தாலும் வரும். இது நடையில வர்றது இல்ல, காத்துல வர்றது. மலையில காத்தே வேற.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போதே வியர்த்து வளர்ந்த எங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஐஸ் ரூம் வாசனை கம்பளியை விட்டுப் போகவில்லை. மெயின்லேண்டில் ஏறிய ரயிலில் எதிர் சீட்டு பெங்காலிக்காரர் பெட்டிக்கு அடியில் எல்லாம் குனிந்து மீனைத் தேடினார். மலையடிவாரத்தில் நாங்கள் இறங்கியதுமே நான்கு நாய்கள் சாருக்குப் பின்னால் வரிசை கட்டின.

வழிகாட்டியாக வந்த கமலா என்ற மலைப்பெண், சாரை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று சட்டையைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள். “நஹீ பேட்டி, டெஸ்ட் ஹோ கயா!” என்று, டெஸ்ட் முடிந்த தைரியத்தில் சார் ஏழு சட்டையோடும் ஏறத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் முகம் தக்காளியாகிவிட்டது. மேலே ரெயின்கோட், உள்ளே வியர்வைக்குப் போக வழியில்லை. மத்தியானம் ஒரு மேட்டில் டீக்கு நின்றோம். காற்று அடித்தது. நனைந்த ஏழும் உடம்போடு ஒட்ட, சாருக்குக் கை டம்ளரைப் பிடிக்கவில்லை.

கமலா அவர் காலரைத் தொட்டுப் பார்த்தாள். இங்கெல்லாம் லேசாகக் குளிரும்போதே நடக்கத் தொடங்க வேண்டும், நிற்கும்போதுதான் மேலே போட வேண்டும், மாமா எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துவிட்டார் என்றாள். காலைக்குள் நடுக்கம் நிற்காவிட்டால் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவாளாம்.

சார் அந்த நனைந்த காலரைத் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஏன் தம்பி, நடந்தாலும் வேர்க்குமாய்யா?”

ஆறு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அவருக்கு இன்னொரு எல்.டி.சி. கிடையாது.

ஸ்டெல்லா அக்கா பையைத் திறந்து, பூப்போட்ட ரோஸ் கலர் ஸ்வெட்டரை எடுத்தார். “போடுங்க சார். இங்க ஆபீஸ்காரன் எவன் பாக்கப் போறான்?” என்னிடம் இருந்தது ஒரே ஸ்வெட்டர். அதைக் கழற்றிக் கொடுத்தேன். ஏழு சட்டையையும் பிழிந்து, தங்கிய குடிசையில் கொடி கட்டிப் போட்டோம். நாய்கள் சுற்றி உட்கார்ந்து காவல் காத்தன.

காலையில் கமலா சாரின் கையைப் பிடித்துப் பார்த்து, “சலோ” என்று மேலே கை காட்டினாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வானம் மூடியே இருந்ததால் அவர் சட்டைகள் எதுவும் காயவில்லை. சார் என் ஸ்வெட்டரில் நடந்தார், நின்றால் ரோஸை மேலே மாட்டினார்.

மூன்றாம் நாள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேகம் விலகியது. பனிமலை எதிரே நின்றது. சார் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒற்றைச் சட்டையில் நிற்கும் என்னைக் கவனித்தார்.

“குளுருதாய்யா?”

“பில்குல் இல்ல சார்” என்றேன். பல் தந்தியடித்தது.

அவர் உடனே ரோஸ் ஸ்வெட்டரின் பட்டனைக் கழற்றத் தொடங்கினார். கையைப் பிடித்துக்கொண்டேன். “நீங்க மலையப் பாருங்க சார்.”

அவர் மலையைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போகலாம் என்று அவர் சொல்லும்வரை அந்தக் குளிரில் எவ்வளவு நேரமானாலும் நின்றிருப்பேன்.