தோல் ஷாப்பு மேஸ்திரி பாலும் கறியும் விட்ட கதை

ஆம்பூர்,
1957, தை மாதம்

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி கிருஷ்ணராஜுக்கு,

உன் அக்காள் புருஷன் வீரபாகு மனம் நிறைந்த ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் கமலவேணியும் சுகம். குடியாத்தத்தில் நீயும், உன் தறியும், தறியைவிட அதிகமாகச் சத்தம் போடும் உன் குழந்தைகளும் சுகமாயிருக்க ஆண்டவன் துணை. கறி, முட்டை, பால், தயிர், நெய் சகலத்தையும் நான் விட்டுவிட்ட சேதி அறிந்து, நீயும் விட உத்தேசித்திருப்பதாகவும், ஆரம்பிப்பது எப்படி என்றும் கேட்டிருந்தாய். பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், ஏன் விட்டோம் என்று நமக்கே நிச்சயமாகத் தெரிய வேண்டும். பால்காரர் சீனிவாசனுடைய பசுவுக்குக் கன்று செத்துவிட்டது. அவர் அந்தக் கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து, பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்துகொண்டிருந்தார். நான் தோல் பதனிடற ஷாப்பு மேஸ்திரியாச்சே, பார்த்ததும் 'உப்பு சரியாப் போடலியே'ன்னுதான் முதல்ல தோணிச்சு. அப்புறம்தான் பசுவைப் பார்த்தேன். அது அந்த வைக்கோல் கன்னை நக்கிக்கிட்டே இருந்துச்சு. பால் வாங்கக் கொண்டுபோன செம்பைக் காலியாவே திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அன்னிலேர்ந்து பால் இறங்கலை, கறியும் இறங்கலை. வேற வேலை தெரியாததால ஷாப்பை மட்டும் விட முடியலை.

காப்பியிலதான் முதல் அடி. தேங்காய்ப் பாலை ஊத்திக் கொதிக்க வெச்சேன், எண்ணெய் பிரிஞ்சு மேல மிதந்துச்சு. "குடிக்கப் போறீங்களா, தலைக்குத் தேச்சுக்கப் போறீங்களா?"ன்னா உன் அக்கா. நீ இறக்கி வெச்சப்புறம் ஊத்து, இல்லேன்னா சுக்கும் வெல்லமும் போட்டுக் குடி, பேஜாரே இல்லை. அடுத்தது, வெறும் கீரைச்சாறும் சோறுமா சாப்பிட்டுட்டு ஷாப்புக்குப் போய் தலை சுத்தி ஈரத்தோல் குவியல் மேலயே உக்காந்துட்டேன். அதனால கேழ்வரகு, வேர்க்கடலை, எள்ளு, பயறு எல்லாம் தினம் இருக்கணும். அப்படீன்னு நான் மொச்சையா மூணு வேளையும் தின்னதுல, முதலாளி கணக்கு கேக்கும்போது நான் வாயைத் திறக்கறதுக்கு முந்தி என் வயிறு பதில் சொல்லிடுச்சு. அவரு ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு, "போய் காத்தாட நில்லு மேஸ்திரி"ன்னாரு. மொச்சையை ராத்திரியே ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, இஞ்சி பெருங்காயம் போட்டு வேகவை. கொஞ்சமா தின்னு.

ஆனா பெரிய சங்கடம் வெளியிலதான். ஷாப்புல என்னோட வேலை செய்யற சர்தார் பாஷா பொண்ணு ஷஹீன் பானுவுக்குக் கல்யாணம். பாய் எனக்கு எப்படிப்பட்ட தோஸ்துன்னு உனக்குத் தெரியும். எனக்கு டைபாயிட் வந்தப்போ உங்களுக்கெல்லாம் முந்தி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவரு. பிரியாணியை அவரே கரண்டியால அள்ளிப் போட வர்றாரு, நான் எலையைக் கையால மூடிக்கிட்டேன். முன்னாடியே சொல்ல வெக்கப்பட்டது என் புத்திகெட்டதனம். மனுஷன் முகம் செத்துப்போச்சு.

"இன்னா மேஸ்திரி, எங்க வீட்டுச் சோறு இப்போ ஆகாதா? யார் இன்னா சொன்னாங்க?"

"ஐயோ பாய், அப்படி இல்லை"ன்னு பசு கதையை அங்கியே சொன்னேன். பக்கத்துல இருந்தவங்க சாப்பிடறதை நிறுத்திட்டாங்க. பாய் கரண்டியோட நின்னு கேட்டாரு. அப்புறம், "தோல்லயே நிக்கிறே, தோல்லயே பொழைக்கிறே, பாலு மட்டும் வேணாமா?"ன்னு கேட்டுட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு.

பாய் உள்ளே சொல்லி அனுப்ப, அவரு சம்சாரம் அன்வரி பேகம் திரைக்கு அந்தாண்டையிருந்து தனியா வெள்ளைச் சோறும், எள்ளும் வேர்க்கடலையும் அரைச்சுவிட்ட கத்திரிக்காயும் அனுப்பிவெச்சாங்க. கிருஷ்ணராஜு, இன்னா ருசி! வெக்கமில்லாம கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நெய்யில்லாம ருசி வராதுங்கறவன் எல்லாம் முட்டாள்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. நான் சொல்ற யோசனையிலேயே பெரிய யோசனை இதுதான்: அந்தக் கத்திரிக்காயைக் கத்துக்கோ, நெய்யோட ஞாபகமே வராது. பக்குவம் கேட்டு எழுதறேன்.

உடம்பு இலேசா இருக்கு, மனசு அதைவிட இலேசா இருக்கு. உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். நூல் அறாமல், வயிறு கெடாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் நலம் கோரும்
வீரபாகு

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போற நேரத்துல உன் அக்கா பாய் வீட்டுல பக்குவம் கேட்டுக்கிட்டு வந்துட்டா. எள்ளு, வேர்க்கடலை, புளி எல்லாம் சரிதானாம். தாளிச்சது மட்டும் நெய்யிலயாம், அதுவும் தாராளமா. "கறி வேணாம்னுதானே அவரு உள்ளே சொல்லி அனுப்பினாரு? விருந்தாளிக்கு வெறும் எண்ணெயில போட்டா எங்களுக்கு மரியாதையா?"ன்னாங்களாம் அன்வரி பேகம். உன் அக்கா இன்னும் சிரிப்பை நிறுத்தலை. ஆகவே மேலே நெய்யைப் பத்தி எழுதினதை அடிச்சுடு. இப்பத்தான் கடலை எண்ணெயில செஞ்சு சாப்பிட்டுட்டு வர்றேன். ருசி கொஞ்சம் கம்மிதான், ஆனா சட்டி காலி. நான் நாளைலேர்ந்து மறுபடியும் ஆரம்பிக்கறேன். நீயும் நாளைக்கே ஆரம்பி, ரெண்டு பேரும் புதுசா இருப்போம்.