பதினேழு மணி நேரத் தூக்கம்

அன்பான லோரீன் அக்காவுக்கு,

டெக்சாஸிலிருந்து தம்பி வெண்டல் வணக்கத்தோடு எழுதுவது. நானும் என் முழங்காலும் நாய் கர்னலும் நலம். கென்டக்கியில் நீயும் அத்தானும் உன் கோழிகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் நீ கேட்டதற்குப் பதில்: நான் நன்றாகத் தூங்குகிறேன். என் மகள் டெஸ்ஸா சொல்வதை நம்பாதே.

டெஸ்ஸாவைப் பல் டாக்டருக்குப் படிக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? முதலில் எலி மூளை என்றாள், பிறகு மனிதர் மனம் என்றாள், இப்போது பட்டாளத்துக்காரர்கள் ஏன் தூங்குவதில்லை என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறாள். அடுத்த மாதம் முகாமில் முப்பது சிப்பாய்களுக்குக் கட்டப்போகும், தூக்கத்தையும் அசைவையும் பதியும் கைக்கடிகாரத்தை ஒத்திகைக்காக என் கையில் கட்டி, “ரெண்டு வாரம் கழட்டாதீங்கப்பா, தினமும் காலையில இந்த நோட்டுல உண்மைய எழுதுங்க” என்றாள். இருபத்திரண்டு வருடம் ராணுவ லாரிக் கொட்டகையில் சார்ஜென்டாக இருந்தவனிடம் படிவம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு வாரத்து லாரிச் சோதனையைத் திங்கட்கிழமையே எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். அதேபோல முதல் நாளே பதினான்கு நாளுக்கும் ‘பத்துக்குப் படுத்தேன், ஆறுக்கு எழுந்தேன், குறை எதுவுமில்லை’ என்று எழுதி முடித்தேன். நோட்டை ஏமாற்றலாம், கடிகாரத்தை முடியாதே என்று அதைக் கழற்றிக் கர்னலின் முன்னங்காலில் கட்டினேன். எங்கள் ராணுவக் கர்னல்களைப் போல நாளெல்லாம் தூங்குவதால்தான் அவனுக்கு அந்தப் பெயரே.

இரண்டு வாரம் கழித்து டெஸ்ஸா கணினியோடு வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, தினமும் பதினேழு மணி நேரம் தூங்கியிருக்கீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் தலைதெறிக்க ஓடியிருக்கீங்க.”

“அது தபால்காரம்மா வர்ற நேரம்மா.”

“அவங்களப் பாத்து நீங்க ஏம்பா ஓடுறீங்க?”

நான் பதில் யோசிப்பதற்குள் கர்னல் கடிகாரத்தோடு உள்ளே வந்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அப்ப எனக்கு ஏழு வயசு. தண்ணி குடிக்க எந்திரிச்சா, நீங்க சமையலறையில பூட்ஸோட உக்காந்திருந்தீங்க. கேட்டா ‘வீட்டுக்குக் காவல்’னீங்க. நம்ம தெருவுக்கு யாருப்பா வரப்போறா? அதத் தெரிஞ்சுக்கத்தான் இத்தன வருஷமா படிக்கிறேன்.”

“பட்டாளத்துல தூக்கமில்லன்னு டாக்டர்கிட்ட சொன்னா துப்பாக்கியப் புடுங்கி குடோன்ல உக்கார வச்சிருவாங்கம்மா. எவனும் சொல்லமாட்டான்.”

“இப்ப உங்ககிட்ட இருக்குறது புல்லு வெட்டுற மெஷின். அத யாரும் புடுங்கமாட்டாங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று உறுதியாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. உன் கோழிகள் குறைவில்லாமல் முட்டையிடட்டும்.

நன்றாகத் தூங்கும் தம்பி,
வெண்டல்

பி.கு: இதைத் தபாலில் சேர்க்க நான்கு நாள் தாமதமாகிவிட்டது. கடிகாரம் இப்போது என் கையில், கர்னலுக்குக் கோபம். பழைய நோட்டைக் கிழித்துப் போட்டேன். மேலே ‘நன்றாக’ என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிடு. புது நோட்டில் இன்று காலை எழுதியது: ‘ஒரு மணிக்குப் படுத்தேன். இரண்டுக்கு விழித்தேன். சமையலறையில் உட்கார்ந்தேன். பூட்ஸ் போடவில்லை.’