வாளிக்குள் முகம் வைத்த அக்கா

கோபம் வந்தால் மனுஷனை விட்டுவிட்டு வாளியைத் தேடி ஓடும் ஒரே பிறவி விருத்தாசலத்திலேயே எங்கள் வாளி அக்காதான்.

பீங்கான் பொம்மை கம்பெனியில் நான் பேக்கிங். அக்கா பொம்மைகளுக்குக் கண் எழுதுவார். காலையில் டீ வாங்கிக் கொடுத்தால், "தம்பி, நீதான் என் கூடப் பொறந்தவன்" என்பார். மதியம் நான் வேறு யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டால் போச்சு. "இனிமே எம் மூஞ்சியில முழிக்காத!" சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார்.

கொதிப்பு ஏறினால் எழுந்து ஓடுவார். ஐஸ்கட்டி போட்ட தண்ணீர் வாளிக்குள் முகத்தை விட்டு, விரலை மடக்கி எண்ணுவார். பிறகு தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, "கோவம் எட்டு, இப்ப நாலு" என்று சின்ன நோட்டில் எழுதுவார். "மார்க் போடுறாங்கடா!" என்று ஷெட்டே சிரிக்கும். அதை நடித்துக் காட்டுவதில் நான் கில்லாடி. ஒருமுறை வாளிக்குப் பதில் அட்டைப்பெட்டிக்குள் விட்ட தலை மாட்டிக்கொள்ள, பெட்டியைக் கிழித்துத்தான் எடுத்தார்கள்.

ஒருநாள் மேஸ்திரி அக்காவை எல்லார் முன்னாலும் கண்டபடி திட்டினார். அன்றைக்குப் பார்த்து, வேடிக்கைக்காக வாளியை, பேக்கிங்குக்கு வைத்திருந்த வைக்கோல் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

"வாளி எங்க? தம்பி, வெளாடாத, குடுத்துரு."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பாவி. அக்கா வெளியே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து வந்தபோது கையில் கட்டு.

"எனக்கு ஒரு வியாதி இருக்குது தம்பி. பார்டர்லைன் பர்சனாலிட்டின்னு கடலூர் டாக்டரம்மா சொன்னாங்க. மனசு தாங்கலன்னா என்னையே நா காயப்படுத்திக்குவேன். அந்த நேரத்தத் தாண்டத்தான் வாளி, நோட்டு எல்லாம் பழக்குனாங்க. ஏழு மாசம் ஒரு காயம் இல்லாம இருந்தேன்."

"எல்லாம் வீணாப் போச்சாக்கா?"

"வீணாப் போவல. திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். அன்னிக்கு ஒண்ணு பின்னால ஒண்ணு என்னென்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதச் சொன்னாங்க. மேஸ்திரி திட்டுனது, வாளியக் காணோம், எல்லாம் எழுதுனேன்."

"வாளிய யாரு எடுத்ததுன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையால் என் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம் அக்கா.