அந்தோனியாரிடம் விளக்கம் கேட்ட கொம்பனி

குருநகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் றோய் அறிவது,

ஆண்டவரின் இரக்கத்தாலும் புனித அந்தோனியாரின் மன்றாட்டாலும் நானும் றொசாந்தியும் சுகம். கொழும்பில் நீயும் சுகமாயிருக்க நாள்தோறும் செபமாலை சொல்கிறேன். நிற்க, இங்கே நடந்த காரியத்தால் எனக்கு மூன்று நாளாகச் செபமாலை மணி எண்ணுவதும் பிழைக்கிறது. எழுத்துக் கோணினால் குறை நினைக்காதே.

நானும் மகள் றொசாந்தியும் நண்டுக் கொம்பனியில் கோது உடைத்துச் சதை எடுக்கப் போவது உனக்குத் தெரியும். மேலே தகரம், கீழே நாற்பத்திரண்டு பொம்பிளையள். முந்திச் சித்திரையில்தான் வெயில் சுடும். இப்ப மாசியிலேயே தகரம் தோசைக்கல்லாய்க் கிடக்குது. ஃபேன் இல்லை, தண்ணி குடிக்க எழும்பவும் கேட்டுத்தான் எழும்ப வேணும். போன மாதம் றொசாந்தி நண்டுத் தட்டத்துக்கு மேலேயே மயங்கி விழுந்திட்டாள். நான் ஐஸ் அள்ள ஓடினன். மேற்பார்வை பார்க்கிற கொலின்ஸ், "மாமி, அது நண்டுக்கு வந்த ஐஸ்" எண்டு கையைப் பிடிச்சான். "அப்ப இவளையும் நண்டெண்டு நினைச்சு விடடா" எண்டு சொல்லித்தான் அவளின்ரை முகத்திலை வைச்சனான்.

அதுக்குப் பிறகு கொழும்பிலையிருந்து ஒரு பெட்டி வந்தது. பூட்டுப் போட்டு, கடிதம் போட வாய் வெட்டின பெட்டி. 'மாறிவரும் காலநிலையில் பணியாளர் மனித உரிமைகளைப் பேணும் பொறிமுறை' எண்டு தமிழிலைதான் எழுதிக் கிடந்தது, ஆனால் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. சுவரிலை ஆணி இருந்தது அந்தோனியார் படத்துக்குக் கீழை மட்டும்தான், கொலின்ஸ் அதிலை கொழுவிவிட்டான். கோயிலிலை செவ்வாய்க்கிழமையிலை மன்றாட்டு எழுதிப் போடுற பெட்டியும் உப்பிடித்தானே இருக்கும். நான்தான் முதல் மெழுகுதிரி கொளுத்தி, 'அந்தோனியாரே, இந்தச் சூட்டைத் தணியும், ஃபேன் தாரும், தண்ணி குடிக்க விடும்' எண்டு எழுதிப் போட்டன். பிறகு எல்லாரும் போட்டினம். எனக்குப் பக்கத்திலை இருந்து நண்டு உடைக்கிற யசிந்தா தன்ரை புருசன்ரை குடியையும் சேர்த்து எழுதினவள்.

கடிதங்களெல்லாம் கொழும்புக்குப் போய், போன சனிக்கிழமை மறுமொழி வந்திருக்கு, தம்பி. கொலின்ஸ் இங்கிலீசிலை வாசிச்சுத் தமிழிலை சொன்னான். நாற்பத்திரண்டு கடிதமும் அந்தோனி எண்ட ஒருவர்மேலை போட்ட முறைப்பாடாம். கொம்பனிமேலை ஒரு முறைப்பாடும் இல்லையாம், அதுக்கு எங்களுக்குப் பாராட்டாம். சூட்டுக்கும் தண்ணிக்கும் யசிந்தாவின்ரை புருசன்ரை குடிக்கும் பொறுப்பான மேற்படி அந்தோனி பதினாலு நாளிலை விளக்கம் எழுதித் தரவேணுமாம், தவறினால் வேலையாலை நிப்பாட்டுவினமாம்.

"நான் என்னெண்டு மாமி அவரிட்டை விளக்கம் கேக்கிறது?" எண்டு கொலின்ஸ் அழாக்குறை.

"முழங்காலிலை நிண்டு கேள்" எண்டன்.

யசிந்தா, "இவரை நிப்பாட்டினால் கொழும்பிலையிருந்து வேறை புனிதரை அனுப்புவினமோ?" எண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை, தம்பி. றொசாந்தி நேற்றும் மத்தியானம் தலைசுத்திக் குந்திவிட்டாள். நீ அதே கொம்பனியிலை, அதுவும் உரிமை பார்க்கிற பகுதியிலை பெரிய கதிரையிலை இருக்கிறாய் எண்டு உன்ரை அம்மா, என்ரை மச்சாள், ஊரெல்லாம் சொல்லுறா. சூடு தகரத்தாலை வருது, தகரம் கொம்பனியின்ரை. அந்தோனியார் துலைஞ்ச சாமானை எடுத்துத் தருவார், தகரத்துக்கு அவர் பொறுப்பில்லை. உந்த மறுமொழியை எழுதின மனுசன் ஆரெண்டு கண்டுபிடிச்சு, ஒரு மத்தியானம் எங்களோடை வந்து இருந்து நண்டு உடைக்கச் சொல்லு.

தேவமாதா உன்னைத் தன்ரை முந்தானைக்குள்ளை வைச்சுக் காக்கட்டும். பதவி உயரவும், நல்ல இடத்திலை கலியாணம் சரிவரவும் என்ரை முழு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னை மறவாத மாமி,
லூர்த்தம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகேக்கை றொசாந்தி அந்த மறுமொழியை ஃபோனிலை படம் எடுத்துக்கொண்டு வந்தாள். கீழை இருக்கிற கையெழுத்து உன்ரையாம். வாசிக்காமல் வைச்சனியெண்டால் அது சோம்பல். வாசிச்சு வைச்சனியெண்டால் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய். மேலை எழுதின ஆசீர்வாதத்தை நான் வெட்டேல்லை, நிப்பாட்டி வைச்சிருக்கிறன். இஞ்சை ஃபேன் சுத்தத் தொடங்கின அண்டைக்கு உனக்கு வரும்.